ஆறாவது ஓட்டை

அன்று அந்த ஆறாவது ஓட்டையை நான் பார்த்தேனா, பார்க்கவில்லையா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பார்த்திருந்தால் நான் பொய் எழுதியவள். பார்க்கவில்லை என்றால் கடமையைச் சரியாகச் செய்யாதவள். இரண்டில் எது என்று தெரியாமலே தினமும் காலையில் மகளுக்குத் தலை வாரி, டப்பாவில் சோறு கட்டி, அவளை எஸ்டேட்டின் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

சென்ற வாரம் இனியா பிறந்த மழைக்காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "குழந்தையைப் பற்றியே எழுதுகிறீர்கள், வேலைக்குப் போவதாகச் சொல்கிறீர்கள், என்ன வேலை என்று மட்டும் சொல்வதில்லையே" என்று கேட்டிருந்தார். சொல்லத் தயங்கித்தான் இத்தனை வாரம் தள்ளிப்போட்டேன். தேயிலை ஆபீஸ் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கட்டடம் என்னவோ பழைய தேயிலை ஃபேக்டரிதான். ஆனால் இப்போது அங்கே இலை வாட்டுவதில்லை. துப்பாக்கி சுடுகிறோம்.

ஜன்னல் கண்ணாடி

கோத்தகிரியைத் தாண்டி, சரிவில் இருக்கிறது அந்த இடம். கோயம்புத்தூரில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் உரிமம் வாங்கி, போட்டிகளில் சுடுகிறவர்களின் ரைஃபிள்களுக்குக் குழலும் குண்டும் செய்கிறார். செய்ததைச் சுட்டுப் பார்ப்பது மட்டும் இங்கே, மலையில். தகரக் கூரை போட்ட நூறு மீட்டர் நீள நடை, ஒரு முனையில் மேஜை, மறுமுனையில் காகிதம். நடுவில் மண் தரை. பனிமூட்டம் தகரத்துக்குக் கீழேயும் நுழைந்துவிடும். சில நாட்களில் மேஜையிலிருந்து காகிதமே தெரியாது.

மேஜையில் உட்கார்ந்து சுடுகிறவர் செந்தில். கோயம்புத்தூர்க்காரர், என் வயதுதான். குழலை இரும்புத் தாங்கியில் இறுக்கிவைத்து, பத்துக் குண்டு சுடுவார். நான் போய்க் காகிதத்தைக் கழற்றிவந்து, ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, காகிதத்தை அதில் ஒட்டினாற்போல் வைத்துப் பார்ப்பேன். வெளிச்சம் ஓட்டைகள் வழியாக வரும். ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் குண்டு உரசிப் போன சாம்பல் நிற வளையம் இருக்கும். வளையம் எல்லாப் பக்கமும் ஒரே பருமனாக இருந்தால் குண்டு நேராகப் போயிருக்கிறது. ஒரு பக்கம் தடித்து, ஓட்டை கொஞ்சம் நீண்டிருந்தால், குண்டு தலையை ஆட்டிக்கொண்டு போயிருக்கிறது. பார்த்து முடித்த ஓட்டைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக். இதுதான் என் வேலை. இதற்குத்தான் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன்.

குளிர் இன்னும் விடாத ஒரு மாசிக் காலை அது. புதுக் குண்டு, புதுக் குழல். காகிதத்தைக் கண்ணாடியில் வைத்து வெகுநேரம் நின்றிருக்கிறேன் போலிருக்கிறது.

"ஏனுங்க மேடம், பொண்ணு பாக்க வந்த மாப்ள ஊட்டுக்காரங்களாட்ட அதையே பாத்துட்டு நிக்கறீங்க. புடிச்சிருக்குதா இல்லீங்களா, ஒண்ணு சொல்லிப்போடுங்க" என்றார் செந்தில்.

"பொண்ணு பாக்க வந்தா காப்பி குடுப்பாங்க. இங்க அது கூட இல்ல."

"ஃபிளாஸ்க்குல இருக்குதுங்க. ஆனா சக்கரை போடல. அப்பறம் பொண்ண வேண்டாம்னு சொல்லிப்போடாதீங்க."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நன்றாக நினைவிருக்கிறது. எத்தனையாவது ஓட்டையில் அப்போது இருந்தேன் என்பதுதான் நினைவில்லை. அடுத்த நிமிடம் என் போன் அடித்தது.

பம்பரம்

போனில் யார் என்று சொல்வதற்கு முன், குண்டு ஏன் சுற்ற வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்தது அப்போதுதான் புரியும்.

ரைஃபிள் குழலின் உள்சுவர் வழவழப்பாக இருக்காது. திருகாணியின் மரை மாதிரி, சாய்ந்து சுற்றிப் போகும் வரிகள் வெட்டியிருப்பார்கள். குண்டு அந்த வரிகளைப் பற்றிக்கொண்டு சுற்றியபடியே வெளியே வரும். சுற்றும் பம்பரம் நிற்பது மாதிரி, சுற்றும் குண்டு மூக்கை முன்னால் வைத்து நேராகப் போகும். சுற்று போதவில்லை என்றால், வேகம் இறங்கிய பம்பரம் தலையாட்டுவதுபோல் ஆடி, கடைசியில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டே போகும். எங்கே போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது.

எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பதைத்தான் குழலின் முறுக்கு என்கிறோம். பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் தளர்ந்த முறுக்கு. பத்துக்கு ஒன்று இன்னும் இறுக்கம். ஏழுக்கு ஒன்று மிக இறுக்கம். குண்டு எவ்வளவு நீளமோ, அவ்வளவு இறுக்கமான முறுக்கு அதற்கு வேண்டும்.

அப்படியானால் எல்லாக் குழலையும் இறுக்கமாகவே செய்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் முதல் மாதத்தில் தோன்றியது. அதற்குப் பதில் கிடைத்த நாளை மறக்க முடியாது.

காணாமல் போன குண்டுகள்

வேலையில் சேர்ந்த புதிது. ஏழு அங்குல முறுக்குள்ள குழலில், குட்டையான, இலேசான குண்டு ஒன்றைச் சுட்டுப் பார்த்தோம். ஈயத்தின் மேல் செம்புத் தோல் போர்த்தியிருப்பார்கள். அந்தக் குண்டுக்குத் தோல் மிக மெல்லியது.

செந்தில் சுட்டார். நான் போய்ப் பார்த்தேன். காகிதம் வெள்ளையாக இருந்தது. இன்னொன்று சுட்டார். அப்போதும் வெள்ளை.

"ஏனுங்க, காகிதத்தக் குறி பாத்துத்தான சுடறீங்க? இல்ல, எதுத்த எஸ்டேட் கொழுந்தயா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இரும்புத் தாங்கீல மாட்டி வச்சுருக்கறனுங்க மேடம். கண்ண மூடிட்டுச் சுட்டாக்கூட அங்கதான் போகோணும்."

மூன்றாவது குண்டின்போது நான் பக்கவாட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். நல்ல பனிமூட்டம். மூட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் நூல் மாதிரி ஒரு கோடு கிளம்பியது. பாதி வழியில் அது ஒரு சின்னப் புகையாக விரிந்தது. அவ்வளவுதான். குண்டு காகிதம்வரை போகவே இல்லை.

நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் அந்தக் குழல் அதைச் சுழற்றியிருந்தது. மெல்லிய செம்பு அதைத் தாங்காமல் கிழிந்து, உள்ளிருந்த ஈயம் காற்றில் தூளாகிவிட்டது. மாலையில் மண் தரையில் குனிந்து தேடினேன். நகத்துணுக்கு அளவில் இரண்டு செம்புத் துண்டுகள் கிடைத்தன. ஒன்றைத் தீப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். இனியா அப்போது என் வயிற்றில் இருந்தாள். எதற்காகக் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை. என் கணவர் பிரபு அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஊட்டுக்குள்ள கொண்டாராத" என்று வெளியே வீசினார்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அன்று முதல் எனக்கு ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. அதிகமாக முறுக்கினால் கிழிந்துவிடும் என்ற பயம். கிழிந்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். முறுக்கு போதாமல் குண்டு படுத்துக்கொண்டு போவதைப் புத்தகத்தில்தான் படித்திருந்தேன்.

மாசி மாதத்துப் புதுக் குண்டு நீளமானது, தோலும் மெல்லியது. பத்தா, பன்னிரண்டா என்று மேனேஜர் கேட்டபோது, "பன்னிரண்டே இருக்கட்டுங்க சார்" என்று சொன்னது நான்தான்.

சுவரில் தொங்கிய முள்

போனில் அழைத்தது மேரியம்மா. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தை இங்கே பிள்ளை மடுவம் என்போம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கொண்டுவந்த பெயர். மேரியம்மா அங்கே ஆயா.

"இனியாம்மா, பிள்ளைக்கு ஒடம்பு லேசா சுடுது. பயப்பட வேணாம். ஆனா வந்தா நல்லது."

பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இனியாவுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, உதடு நீலமானதை என் மடியில் வைத்துப் பார்த்தவள் நான். அதன் பிறகு 'சுடுது' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வேறு எதுவும் காதில் விழாது.

அன்று மீதம் இருந்தது ஒரே ஒரு வேலை. சோதனைத் தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் காற்றழுத்தத்துக்கு ஒரு கட்டம் உண்டு. காற்று அடர்த்தியாக இருந்தால் குண்டை அதிகமாகத் தள்ளும், அதை நேராக நிறுத்த அதிகச் சுற்று வேண்டும். காற்று மெல்லியதாக இருந்தால் குறைந்த சுற்றே போதும். ஆகவே இங்கே நேராகப் போகும் குண்டு சமவெளியிலும் நேராகப் போகுமா என்று கணக்குப் போட அந்த எண் தேவை.

நான் போனில் வானிலை பார்த்தேன். ஆயிரத்துப் பதினான்கு மில்லிபார். அதை எழுதினேன். அந்த எண்ணோடு கணக்குப் போட்டால், இங்கே உள்ள காற்றும் சமவெளிக் காற்றும் ஒன்றுதான் என்று வரும். இங்கே வட்டம் என்றால் அங்கேயும் வட்டம்.

போன் காட்டுவது நாம் நிற்கும் இடத்தின் அழுத்தம் இல்லை. மலைகளுக்கும் சமவெளிகளுக்கும் ஒரே அளவுகோலாக இருக்கட்டும் என்று கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லும் எண் அது. இதை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். தேர்விலும் எழுதியிருக்கிறேன்.

சோதனைக்கூடச் சுவரில், தேயிலை ஃபேக்டரிக் காலத்து வட்டமான காற்றழுத்தமானி ஒன்று தொங்குகிறது. அதன் முள் எப்போதும் எண்ணூற்றுச் சொச்சத்தில் நிற்கும். அதன் கண்ணாடியில் 'ரிப்பேர்' என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது நான். சேர்ந்த முதல் மாதத்தில், போனோடு ஒத்துவரவில்லை என்று கண்டுபிடித்து ஒட்டினேன். மேனேஜர்கூட, "படிச்ச புள்ள வந்தாத்தான் இதெல்லாம் தெரியுது" என்று பாராட்டினார். அன்றிலிருந்து எல்லோரும் போனைப் பார்த்துத்தான் எழுதினோம்.

முள் சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மலையில் காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பிறந்ததிலிருந்து இதைத்தான் சுவாசிக்கிறேன். இது மெல்லியது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

பத்து ஓட்டைக்கும் டிக் போட்டேன். 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செந்தில் தன் பைக்கில் கொண்டுபோய் விட்டார். மடுவத்து வாசலில் இனியா கையில் பிஸ்கட்டோடு உட்கார்ந்து, பக்கத்துக் குழந்தைக்குத் தராமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. சாயங்காலத்துக்குள் அதுவும் போய்விட்டது.

பல மாதங்கள் கழித்து அந்தக் காகிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஆறாவது ஓட்டை மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளம். வளையம் ஒரு பக்கம் தடிமன். ஈரக் காகிதம் இழுபட்டாலும் ஓட்டை அப்படி நீளும், அது உண்மைதான். ஆனால் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் ரப்பரால் அழித்த தடம் ஒன்று இருக்கிறது. அழித்த இடத்தின் மேல்தான் டிக் விழுந்திருக்கிறது. முதலில் அங்கே என்ன போட்டேன்? கேள்விக்குறியா? பென்சில் வழுக்கிய கோடா? வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

வினோ

எங்கள் குழலையும் குண்டையும் முதலில் போட்டிக்கு எடுத்துப்போனவள் வினோ. பெயரை மாற்றி எழுதியிருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்த அதே லயத்தில், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நான்கு வீடு தள்ளிப் பிறந்தவள். அவள் அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து, அங்கிருந்து துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போனாள். கிளப் ரைஃபிளில் எங்கள் குழலைப் பொருத்தி, எங்கள் இடத்திலேயே இரண்டு நாள் பழகினாள்.

சுடுவதற்கு முன் அவள் பேச மாட்டாள். கண்ணாடிப் பாத்திரத்தை மேஜையில் வைப்பதுபோல ரைஃபிளை வைப்பாள். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, அந்த இடைவெளியில் சுடுவாள். பத்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிய ஒரு காகிதத்தைச் செந்தில் மேஜைக்கு மேலே ஒட்டிவைத்தார்.

"தாயி, நீ சுட்டா எனக்கு இங்க வேல இருக்காது போல. இரும்புத் தாங்கிய எடைக்குப் போட்டுப்போட்டு உன்ன உக்கார வச்சுருவாங்க" என்பார்.

"நீங்க டீ வாங்கக் கடைக்கிப் போலாம்ணே. அந்த வேல எப்பவும் இருக்கும்" என்பாள் அவள். பிறகு என்னிடம், "அக்கா, இந்தக் குண்டு சொன்ன பேச்சக் கேக்குதுக்கா" என்றாள்.

என் கையெழுத்து இருந்த பெட்டியிலிருந்துதான் அந்தக் குண்டுகளை எடுத்துக் கொடுத்தேன்.

அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டி சமவெளியில், சித்திரை வெயிலில் நடந்தது. இப்போதெல்லாம் அங்கே காகிதம் பார்ப்பதில்லை. குண்டு போன இடத்தைக் கருவி கண்டுபிடித்துத் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டும். புள்ளிக்கு உருவம் இல்லை. வட்டமாகப் போனதா, படுத்துக்கொண்டு போனதா என்று திரை சொல்லாது. வினோவின் புள்ளிகள் திரை முழுக்கச் சிதறின. சில குண்டுகள் திரையிலேயே வரவில்லை.

திரும்பி வந்தவளைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன்.

"கை நடுங்கிருச்சுக்கா. நான் பயந்துட்டேன்னு கோச் சார் சொன்னாரு."

"பயமா இருந்துச்சா?"

தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அப்பிடித் தெரியலக்கா. ஆனா அவரு சொன்னா இருக்கும். நமக்கே தெரியாம நடுங்குமாம்."

நானும் அதை நம்பினேன். ஆறுதல்கூடச் சொன்னேன். "அடுத்த தடவை சரியாகிடும்" என்றேன். அடுத்த தடவைக்கு அவள் போகவில்லை. அந்த வருடத்தோடு அவள் சுட்ட ஜூனியர் பிரிவுக்கான வயதும் தாண்டிவிட்டது.

மலையிறங்கிய பாக்கெட்

எங்கள் ஊர்க் கடைகளில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். தலையணை மாதிரி உப்பிப் புடைத்திருக்கும். சமவெளியில் அடைத்த காற்று இங்கே வந்ததும் விரிந்துகொள்கிறது. இனியா இதைக் 'குண்டுப் பாக்கெட்டு' என்பாள். மெலிந்த பாக்கெட்டைக் கொடுத்தால் வாங்க மாட்டாள். தினமும் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஆடி பிறந்த பிறகு, கீழே ஒரு கிளப்பிலிருந்து குண்டு சிதறுகிறது என்று புகார் வந்தது. அதே குழல், அதே பெட்டி. எடுத்துக்கொண்டு செந்திலும் நானும் பட்டறையின் ஜீப்பில் கோயம்புத்தூருக்கு இறங்கினோம். கோத்தகிரியில் செந்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஒன்று முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. ஒவ்வொரு வளைவாக இறங்க இறங்க எனக்குக் காது அடைத்தது. மேட்டுப்பாளையம் வந்தபோது பாக்கெட் தொளதொளவென்று சுருங்கிக் கிடந்தது.

"காத்து போயிருச்சுங்க பாருங்க. ஓட்ட பாக்கெட்டக் குடுத்துப்போட்டான்" என்றார் செந்தில்.

பிரித்தோம். ஓட்டை இல்லை. முறுமுறுப்பாக இருந்தது. தின்றுகொண்டே போனோம். அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

நடுப்பகல். பட்டறைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்கும் இடம். வெயிலில் காகிதம் விறைப்பாக, காய்ந்து இருந்தது. செந்தில் பத்துக் குண்டு சுட்டுவிட்டு, இந்த முறை அவரே போய்க் காகிதத்தை எடுத்துவந்தார். என்னிடம் நீட்டினார்.

அதில் இருந்தவை ஓட்டைகளே இல்லை. குண்டின் பக்கவாட்டு உருவம், மூக்கு, உடல், அடி எல்லாம் அச்சுக் குத்தியதுபோல் கிழிந்திருந்தது. மூன்றுதான் காகிதத்தில் இருந்தன. மற்றவை எங்கே போயினவோ.

"மேடம், இதெல்லாம் படுத்துட்டுப் போயிருக்குதுங்க."

எனக்கு உடனே சுவரில் தொங்கிய முள் ஞாபகம் வந்தது. அடுத்து, பஸ் நிறுத்தத்தில் நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்த வினோ.

பத்து அங்குல முறுக்கில் அதே குண்டைச் சுட்டோம். பத்தும் வட்டம். தோல் கிழியவில்லை. நான் பயந்தது வீண் பயம்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன் எண், ஒட்டிய காகிதம், எல்லாம். நல்ல மனிதர், கத்தவில்லை. "கொழல மாத்திரலாங்க. பழசக் கெளற வேண்டாம். வெளிய பேசறதுக்கும் ஒண்ணுமில்ல" என்றார்.

"அந்தப் பொண்ணு, சார்?"

"போட்டின்னா தோக்கறதுந்தானுங்க, ஜெயிக்கறதுந்தானுங்க. அது இந்நேரம் மறந்துருக்கும்."

மூன்று மில்லி

வினோ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தினமும் அவளைப் பார்க்கிறேன். மழைக்காலத்திலிருந்து அவள் மேரியம்மாவுக்கு உதவியாகப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள். இனியாவை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறவள் அவள்தான்.

பிரபுவிடம் இதைச் சொன்னேன். எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டுகிறார், அதிகம் பேசாதவர். "சொல்லிட்டீன்னா உனக்கு மனசு லேசாயிரும். அவளுக்கு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் இத்தனை நாள் சும்மா இருந்தேன். வயது போய்விட்டது, இனி தெரிந்து என்ன, வீணாகக் கோபம்தான் மிஞ்சும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. அது இருந்ததை மறைக்கவில்லை.

போன வாரம் இனியாவுக்குச் சளி. காய்ச்சல் வந்தால் கொடுக்கச் சொல்லி மருந்துப் புட்டியையும் அளவு மூடியையும் வினோவிடம் நீட்டினேன்.

"மூணு மில்லி. இந்தக் கோடு வரைக்கும்."

அவள் வாங்கவில்லை. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மேரியம்மா சந்தைக்கிப் போயிருக்காங்க. வந்ததும் அவங்க குடுப்பாங்கக்கா. நான் ஊத்த மாட்டேன்."

"ஏம்மா?"

"என் கைய நம்ப முடியாதுக்கா. கூடக் கொறைய ஊத்திருவேன். பிள்ளைக்கி எதுனா ஆயிட்டா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஒங்களுக்குத்தான் தெரியுமே."

பிறகு இனியாவை முன்னால் உட்கார வைத்து, காலையில் நான் அவசரத்தில் வாரிவிட்ட தலையைப் பிரித்து மறுபடி வாரினாள். சீப்பின் கூர்முனையால் நெற்றியிலிருந்து பின்கழுத்துவரை ஒரே இழுப்பில் வகிடு எடுத்தாள். இனியா ஆடிக்கொண்டே இருந்தாள். வகிடு கோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது.

நான் மருந்துப் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

இந்தத் தொடரை வினோ படிக்கிறாள். மத்தியானம் குழந்தைகள் தூங்கும்போது மேரியம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாளாம். எழுதுகிறவள் நான்தான் என்று இருவருக்கும் தெரியும். அவள் இதை அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஆகவே இதை ஆசிரியருக்கு அனுப்பும் அன்றே, கோப்பிலிருந்து எடுத்த இரண்டு காகிதங்களோடு, மாசியில் நான் டிக் போட்டதும் கோயம்புத்தூரில் கிழிந்ததும், அவளிடம் போகப்போகிறேன். மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன்.  இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வினோவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். ஆறாவது ஓட்டையைப் பார்த்தீங்களாக்கா என்று அவள் கேட்டிருப்பாள். தெரியவில்லை என்றுதான் நான் சொல்லியிருப்பேன். 

எனக்குத் தெரியாதது அதற்கு அடுத்த நாள் என்ன செய்வது என்பதுதான்.

வாசகர்களில் வினோவின் இடத்தில் இருந்தவர்கள் யாராவது இருப்பீர்கள். உங்கள் தப்பு என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்த ஒன்று உங்கள் தப்பே இல்லை என்று, காலம் கடந்து, அதைச் செய்தவரே வந்து சொல்லியிருப்பார். அப்போது அவர் உங்கள் கண்ணெதிரில் இருக்க வேண்டும் என்று நினைத்தீர்களா, கண்ணில் படாமல் போய்விட வேண்டும் என்று நினைத்தீர்களா? மறுநாள் காலையிலும் நான் அதே வாசலில் போய் நின்று என் குழந்தையை அவள் கையில் கொடுக்கலாமா? அது நம்பிக்கையாகத் தெரியுமா, திமிராகத் தெரியுமா? அவளிடம் இதைக் கேட்டால், எனக்காகத்தான் பதில் சொல்வாள். அதனால் உங்களிடம் கேட்கிறேன். எழுதுங்கள். இனியாவை வேறு இடத்தில் விடுவதுதான் சரி என்றால், விட்டுவிடுகிறேன்.